தெருவில் நடந்த வாசம்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஒரு பெண் மௌத்தானால் முதல் ஆள் பள்ளிவாசலுக்கு ஓடுவான். இரண்டாவது ஆள் ரஹ்மத்தக்கா வீட்டுக்கு ஓடுவான். மய்யித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, அத்தர் பூசி, கபுருக்கு அனுப்பி வைப்பது அவள்தான். அவள் இல்லையென்றால் இந்த ஊர்ப் பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். ஆனால் கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள் பார்ப்போம், ஒருத்தியும் உட்கார மாட்டாள். அவள்மேல் கற்பூர வாசம் அடிக்கிறதாம். அடிக்காமல் என்ன செய்யும்? உன் மாமியாரைக் குளிப்பாட்டிய கற்பூரம்தானே அது!

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். சவூதியிலிருந்து ஃபோன் போடும்போது என் வீட்டுக்காரர் ஹுமாயூன், "மைமூன், இன்னைக்கு யார்கூட சண்டை?" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். நான் தையல் மிஷின் வைத்திருக்கிறேன். கஃபன் துணியை அளந்து வெட்டிக் கொடுப்பதற்காக ஒருநாள் ரஹ்மத்தக்காவோடு போனவள், அப்புறம் அவளுக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆரம்பித்துவிட்டேன். அதனால் நான் சொல்வதெல்லாம் கூடவே நின்று பார்த்தது.

அக்கா பிறந்தது அரியலூர். கல்யாணம் முடிந்து இங்கே வந்தாள். குழந்தை இல்லை. புருஷன் இறந்த பிறகும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. அவளுடைய மாமியார் மௌத்தான அன்று குளிப்பாட்டுகிற கிழவி படுத்த படுக்கையாக இருந்தாள். வேறு யாரும் முன்னால் வரவில்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே இறங்கினாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கொரோனா வந்தபோது பெற்ற பிள்ளைகளே தள்ளி நின்றார்கள், இவள் மட்டும் உள்ளே போனாள். அந்தக் காய்ச்சல் இவளையும் பிடித்தது. உயிர் தப்பியது, மூக்கு போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்குப் பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். எந்த வாசமும் தெரியாது. குழம்பு அடிப்பிடித்தால் நான்தான் என் வீட்டிலிருந்து கத்துவேன்.

அவளுக்கு என்று இருந்த ஒரே வீடு ஜெய்த்தூனம்மா வீடு. தினமும் சாயங்காலம் மஃரிப் தொழுகைக்கு முன்னால் கொல்லைப்படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வீட்டில் எல்லோரும் குடிக்கிற கண்ணாடி கிளாசில்தான் அக்காவுக்கும் டீ வரும். சிரிக்காதீர்கள், அது பெரிய விஷயம். மற்ற வீடுகளில் காகிதக் கப்பைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜெய்த்தூனம்மாவின் ஒரே மகன் முகமது ஆசிக் துபாயில் இருந்தான். ஒரு லீவில் வரும்போது அம்மாவுக்கு ஒரு சென்ட் வாங்கி வந்தான். பிரான்சு நாட்டுச் சரக்கு. அங்கே கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்து விற்கிற சாமானாம். கனத்த பாட்டில், தங்க நிற மூடி, மூடியின் தலையில் ஒரு பூ. ஜெய்த்தூனம்மா தெருவில் எல்லோருக்கும் அதைக் காட்டினார். டப்பாவைச் சுற்றியிருந்த கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. காட்டிவிட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நம் ஊரில் எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? சபுர் போனவர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த சாமான் பாதி, நல்ல நாளுக்கென்று பீரோவிலேயே கிடந்து ஆயுளை முடித்துக்கொள்ளும்.

ஜெய்த்தூனம்மா மௌத்தான அன்று அந்தப் பாட்டில் வெளியே வந்தது.

பெரிய ஹாலின் ஓரத்தில் நான்கு பக்கமும் போர்வை கட்டி, பள்ளியிலிருந்து வந்த பலகையில் அவரைக் கிடத்தியிருந்தோம். மேலே துணி விலகாமல் அக்கா குளிப்பாட்டி முடித்தாள். இலந்தை இலைத் தண்ணீர், கடைசியில் கற்பூரத் தண்ணீர். கஃபன் விரித்தாயிற்று. அத்தர் எங்கே என்று பார்த்தால், கடைக்குப் போன ஆள் இன்னும் வரவில்லை. வெளியே ஆண்கள், "ஆச்சா, ஆச்சா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மருமகள் இஃப்பத் அழுதுகொண்டே ஓடிப்போய் பீரோவைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்து வந்தாள்.

"மாமி ஆசையா வச்சிருந்தாங்க. இதையே போட்டு விடுங்க."

சென்டில் ஸ்பிரிட் இருக்கும், மார்க்கத்தில் கூடுமோ கூடாதோ என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அக்கா நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். என் கையெல்லாம் ஈரம். கண்ணாடித் தாள் வழுக்கியது. நான்தான் அதைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். இதை மறந்துவிடாதீர்கள்.

பஞ்சில் அடித்து அக்கா நெற்றியில் ஒற்றினாள், மூக்கில் ஒற்றினாள், உள்ளங்கைகளில், முழங்கால்களில், பாதங்களில். சுற்றிலும் போர்வை, ஈரத் தரை, காற்றுக்கு வழியில்லை. அந்த வாசம் எழுந்தது பாருங்கள். மல்லிகையா, சம்பங்கியா, ரோஜாவா, எல்லாம் ஒன்றாக மலர்ந்து, அடியில் கற்பூரத்தோடு கலந்து, போர்வையைத் தாண்டிக் கூடம் முழுக்கப் பரவியது. ஜெய்த்தூனம்மாவின் முகம் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. வெளியே இருந்த பெண்கள் அத்தனை பேரும் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டார்கள். அந்த வாசத்தை அவர்கள் யாரும் அதுவரை முகர்ந்ததில்லை. முதன்முதலாக முகர்ந்ததே மய்யித்தின் மேல்தான்.

மய்யித்துக்குப் பயன்படுத்தி மிஞ்சிய சோப்பு, துண்டு, பஞ்சு எல்லாவற்றையும் குளிப்பாட்டுகிறவளிடம் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அக்கா அதை வாங்கி யாராவது இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். தனக்கென்று ஒரு பொருளும் எடுக்க மாட்டாள். அன்றைக்கு மய்யித்தைத் தூக்கிக்கொண்டு ஜனாஸா வாசலைத் தாண்டியதும் இஃப்பத்திடம் வந்து நின்றாள்.

"அந்த சென்ட்டு பாட்டில எனக்குக் குடுத்துரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இஃப்பத் யோசிக்கவே இல்லை, அதைப் பார்க்கவே பயந்தவள் மாதிரி நீட்டிவிட்டாள். அக்கா பாட்டிலைத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் மிஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்தது. முதலில் லேசாக வந்தது, அப்புறம் பக்கத்தில், அப்புறம் ஜன்னலுக்கு நேராக. கூடவே செருப்புச் சத்தம். ஜெய்த்தூனம்மா தினமும் என் ஜன்னலைத் தாண்டிக் கடைக்குப் போகிற நேரம் அது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. எழவும் முடியவில்லை, கூப்பிடவும் வாய் வரவில்லை. வெள்ளைத் துப்பட்டி போட்ட ஓர் உருவம் ஜன்னலில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தது.

"மைமூன், வாசம் அடிக்குதாடி?" என்று கேட்டது.

ரஹ்மத்தக்கா! "யா அல்லாஹ், ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? மய்யித்துக்குப் போட்ட சென்ட்டையா மேல ஊத்திக்கிட்டு வர்ற?" என்று கத்தினேன்.

"அடிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லு. எனக்குத்தான் தெரிய மாட்டேங்குதே."

"ஊரே நாறுது, போ!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்தத் திருப்திதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூக்கு செத்தவளுக்கு அளவு எப்படித் தெரியும்? கழுத்தில், கையில், துப்பட்டியில் என்று அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். மய்யித்து வாசத்தோடு மளிகைக்கடையில் நின்றாள். ரேஷன் வரிசையில் நின்றாள். அவள் நின்ற இடத்தில் முன்னாலும் பின்னாலும் ஆள் விலகும். அவள் போய் வெகுநேரம் கழித்தும் வாசம் அங்கேயே இருக்கும். அதுதான் எல்லோரையும் உலுக்கியது. சந்து திரும்பினால் ஆளே இருக்காது, ஜெய்த்தூனம்மா மட்டும் இருப்பார். ஒரு புதுப்பெண் மயக்கம் போட்டு விழுந்தாள். கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவதாகச் சொன்னார்கள். பெண்பிள்ளை வாசனை போட்டுக்கொண்டு வெளியே போகலாமா என்று மார்க்கம் பேசியவர்களும் உண்டு. மார்க்கம் பேசினாலாவது பரவாயில்லை. ஜெய்த்தூனம்மா இவள் மேல் இறங்கிவிட்டார் என்று பேச ஆரம்பித்ததுதான் மோசம்.

இஃப்பத் என்னிடம் வந்து அழுதாள். "மைமூன்க்கா, மத்தியானம் தூங்கி எந்திரிச்சா வூடு முழுக்க மாமி வாசம். கதவு சாத்தித்தான் இருக்கு. கொல்லப் பக்கம் யாரோ பெருமூச்சு விடுற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்குக்கா."

நான் போய்ப் பார்த்தேன். கொல்லைப்படியில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள், எப்போதும் உட்காருகிற அதே இடத்தில். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன். பயம் என்றால் பயம்தான், அதிலென்ன வெட்கம்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. அடுத்த தெருவில் ஒரு பெண் மௌத்து. அக்கா தன் பையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். பஞ்சு, கற்பூரம், கையுறை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆள் வரவில்லை. மத்தியானம் ஒரு கார் போனது. பெரம்பலூரிலிருந்து வேறொரு அம்மாவை அழைத்து வந்திருக்கிறார்கள். ஜனாஸா எங்கள் தெரு வழியாகவே போனது. அக்கா எழுந்து நின்று பார்த்துவிட்டு, பையை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். நேராக உள்ளே போனேன்.

"அந்தப் பாட்டில எடு. ஆத்துல வீசிட்டு வரேன். அல்லாவுக்குப் பொருத்தமான வேலைய ஒன்னு செஞ்சுக்கிட்டிருந்த. அதையும் கெடுத்துக்கிட்டியே! இனி ஒன்னைய எவ கூப்புடுவா? சொல்லு, எவ கூப்புடுவா?"

"கூப்புடாட்டி போறாளுவ."

"ஏன்க்கா இப்படி? ஒனக்கு வாசமே தெரியாது. யாருக்காகப் போடுற?"

அவள் என்னை உட்காரச் சொன்னாள். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"ஜெய்த்தூனு இதத் தொடவே இல்லடி," என்றாள். "அவன் ஒவ்வொரு தடவ ஃபோன் பண்ணயிலும், 'அம்மா, சென்ட்டு போடுறியா?'ன்னு கேப்பான். இவங்க, 'நெதமும் போடுறேன் வாப்பா, தெருவே மணக்குது'ன்னு சொல்லுவாங்க. அவன் ஒரேயடியா ஊருக்கு வந்துடுற அன்னைக்குப் போட்டுக்கலாம்னு வச்சிருந்தாங்க. அதுக்குள்ள இழுப்பு வந்துருச்சு. அப்பறம் போட நெனச்சாலும் முடியல, லேசா வாசம் பட்டாலே மூச்சு தெணறும். கடைசியில என் கையப் புடிச்சுக்கிட்டு இது ஒன்னத்தான் சொன்னாங்க. 'ரஹ்மத்து, நான் போனப்பறம் அவன் வந்து பீரோவத் தொறப்பான். பாட்டிலு முழுசா இருக்குறதப் பாத்தா, அம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சுரும். நாம வாங்கித் தந்தது அவங்க மேல படவே இல்லையேன்னு ஒடஞ்சு போயிருவான்.' நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

நான் கேட்டேன், "கீழ ஊத்திட வேண்டியதுதானே? இதுக்கு ஊர்ப் பகையா?"

"போடி பைத்தியமே. சாக்கடையில ஊத்துனா அவங்க சொன்னது பொய்யாவே போயிரும். தெருவே மணக்குதுன்னு சொல்லியிருக்காங்க. மணக்கணும்ல? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். 'தம்பி, நெதமும் இந்தத் தெருவுல உங்கம்மா வாசம் அடிச்சுச்சு'ன்னு சொல்லுவேன். தெருவுல எவளக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவா. யாரும் பொய் சொல்ல வேணாம்."

இப்படி ஒரு கிறுக்கச்சியை நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே அவளைத் திட்டினேன். திட்டி முடித்துவிட்டுக் கையை நீட்டினேன். "எனக்கும் அடி. ஒருத்தியா எப்பக் காலி பண்ணுவ?"

இஃப்பத்திடமும் சொல்லிவிட்டோம். சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வீடியோவில் ஆசிக் கேட்டிருக்கிறான், "அம்மாவோட சென்ட்டு எங்க இருக்கு, பத்திரமா வச்சிருக்கியா?" என்று. இவள் பீரோவில் இருக்கிறது என்று உளறி வைத்திருக்கிறாள். மௌத்துக்கு லீவு கிடைக்காதவனுக்குப் பக்ரீதுக்கு முன்னால் கிடைத்துவிடும், வந்துவிடுவான். அதற்குள் பாட்டில் இறங்க வேண்டும், இறங்கி பீரோவுக்குத் திரும்பவும் வேண்டும். அவனிடம் சொல்ல மாட்டேன் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்யப் போனாள். அக்கா தடுத்துவிட்டாள்.

அந்த வாசத்தைப் போட்டுக்கொண்டு ஒருநாள் முழுக்க இருப்பது எப்படி என்று நான் சொல்கிறேன், கேளுங்கள். முதலில் கழுத்தில் சில்லென்று ஒரு ஈரம். உடனே எலுமிச்சம்பூ மாதிரி மூக்கில் ஒரு குத்து. குழம்பு கொதித்து இறங்குவதற்குள் அது அடங்கி மல்லிகை வந்துவிடும். ஈரத்துணி விலக்கிய கூடையில் இருக்கிற மல்லிகை. அதைப் போட்டுக்கொண்டு துடைப்பத்தைத் தொட மனசு வராது. நடையே மாறிவிடும், கழுத்து தானாக நிமிரும். பொய் சொல்வானேன், அதுவரை எனக்கு நன்றாகவே இருந்தது. மத்தியானம் மிஷினில் உட்காரும்போது மல்லிகை போய்ச் சம்பங்கி வரும், கனமாக, கொஞ்சம் தலையைச் சுற்றுகிற மாதிரி.

சாயங்காலம், அசர் தொழுகைக்கு அப்புறம்தான் வேறு விஷயம். பூவெல்லாம் போய்விடும். தோலோடு ஒரு கதகதப்பு மட்டும் நிற்கும். சந்தனமா, பாலா, குளித்துத் தலை துவட்டிய ஒரு மனுஷியின் கழுத்தா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அது என் வாசம் இல்லை. என் தோளுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றுகொண்டு நான் தைப்பதைப் பார்ப்பது போல் இருக்கும். ஜெய்த்தூனம்மா அப்படித்தான் நின்று பார்ப்பார். "தையல் கோணுது பாரு," என்பார். ஒருநாள் ஊசி விலகித் தையல் கோணியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியுதும்மா, பிரிச்சுத்தான் தைக்கப் போறேன்," என்று சத்தமாகச் சொன்னேன். அக்கா கொல்லைப்படியில் யாருடன் முணுமுணுத்தாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு தடவை இரண்டு பேரும் துணி எடுக்க பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனோம். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறியவுடனே பின்பக்கம் போய்விட்டார்கள். நடுவழியில் ஏறிய ஒரு பெண் எங்கள் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். வேப்பந்தட்டைக்காரி, பெயர் புவனேஸ்வரி என்றாள். உட்கார்ந்ததுமே மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

"என்ன பூவுங்கக்கா வச்சிருக்கீங்க? அள்ளுது போங்க!"

"பூ இல்லம்மா, சென்ட்டு. எங்க ஜெய்த்தூனம்மாவுது."

"குடுத்து வச்சவங்கக்கா அவங்க. இந்த வாசத்தோட ஒரு கல்யாண வூட்டுக்குள்ள நொழஞ்சா அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாப்பாங்க."

அவள் பெரம்பலூர் வரைக்கும் அக்காவின் தோளில் தோள் உரச உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா பக்கத்தில் ஒருத்தி இப்படி ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும், "அடிக்குதுல்ல? நல்லாத்தான் அடிக்குதுல்ல?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாவி மனுஷி, அத்தனை நாளில் அன்றைக்குத்தான் தனக்காகக் கேட்டாள்.

பாட்டிலில் அடி மட்டும் மிஞ்சியபோது நிறுத்தினோம். துடைத்து, டப்பாவில் வைத்து, இஃப்பத் கையில் கொடுத்துவிட்டோம். அவள் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அக்கா தன் துப்பட்டிகளையும் உடுப்புகளையும் வெந்நீரில் ஊறப்போட்டு அலசினாள். நானும் அலசினேன். தெருவில் வாசம் போய்விட்டது. ஒரு வாரத்துக்குள்ளேயே பழையபடி யாரோ ஒருவன் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தான், அவன் வீட்டு மய்யித்துக்கு ஆள் கேட்டு. அக்கா உடனே பையை எடுத்தாள். நானாக இருந்தால் பெரம்பலூருக்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஆசிக் சென்னையில் இறங்கி, ரயிலில் அரியலூர் வந்து, அங்கிருந்து கார் பிடித்து வந்தான். நேராகக் கபுருஸ்தானுக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தான். பாதி உடம்பாகிவிட்டிருந்தான். தெருப்பெண்கள் துக்கம் கேட்க வந்திருந்தார்கள். அவன் பீரோவைத் திறந்தான். பாட்டிலை எடுத்தான். ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான்.

"போட்டிருக்காங்க," என்றான். "நான் நம்பவே இல்ல. எனக்காகச் சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அக்கா சொன்னாள், "தம்பி, நெதமும் இந்தத் தெருவுல உங்கம்மா வாசம் அடிச்சுச்சு. இவங்களக் கேட்டுப் பாரு."

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மயக்கம் போட்ட புதுப்பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆமாங்க, சந்துக்குச் சந்து அடிக்கும்." எல்லோரும் ஆமாம், ஆமாம் என்றார்கள். ஒருத்தியும் பொய் சொல்லவில்லை. அக்கா சொன்னது போலவே நடந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன்.

ஆசிக் மூடியை மட்டும் கழற்றி முகர்ந்தான். அடிக்கவில்லை. "அடிச்சா தீந்துரும்," என்றான். அவன் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. பிறகு அக்காவைப் பார்த்தான்.

"சின்னம்மா, போன லீவு முடிஞ்சு நான் கார் ஏறுறப்ப அம்மா என்னையக் கட்டிப் புடிச்சாங்கள்ல? நீங்ககூட வாசல்ல நின்னீங்களே. அப்ப அவங்க கழுத்துல இதே வாசந்தான். ஏர்போட்டு வரைக்கும் என் சட்டையில இருந்துச்சு. அன்னைக்கும் இதத்தானே போட்டிருந்தாங்க?"

அந்தக் கண்ணாடித் தாளைக் கிழித்தது என் பல். அதற்கு முன்னால் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு வெளியே வந்திருக்க வழியே இல்லை. இஃப்பத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா பொய் சொல்ல மாட்டாள். அதற்காகத்தானே இத்தனை பாடும்! அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ மோந்தியா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"மோந்தேன் சின்னம்மா. இதேதான்."

"எனக்கு மூக்கு செத்துப் போச்சு. ஒனக்கு இருக்கு. நீ மோந்தேன்னா அவங்க போட்டிருந்தாங்க."

அவன் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதான். மௌத்தான செய்தி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் வாய்விட்டு அழுகிறான் என்று இஃப்பத் சொன்னாள்.

நானும் அக்காவும் கொல்லை வழியாக வெளியே வந்தோம். சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அந்தத் தாளு பிரிக்காமதான் இருந்துச்சு. நான்தான் கடிச்சுக் கிழிச்சேன். அவன் எப்புடி..."

"தெரியும். நானும்தான பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். படியில் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் வழக்கம்போல இடம் விட்டாள். அப்புறம் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"மைமூன், இப்ப வாசம் அடிக்குதாடி?"

அவளும் போடவில்லை, நானும் போடவில்லை. உடுப்பெல்லாம் அலசிக் காயப்போட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. பாட்டில் உள்ளே அவன் கையில் மூடியோடு இருந்தது. நான் மூச்சை இழுத்தேன். பூ எதுவும் இல்லை. கதகதப்பாக, தலை துவட்டிய ஒரு மனுஷியின் கழுத்து வாசம் மட்டும் அவள் விட்டிருந்த அந்தக் காலி இடத்திலிருந்து வந்தது.

"அடிக்குதுக்கா," என்றேன்.

அக்கா பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.